அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாந்தியும் அக்குபஞ்சரும்

கேள்வி: அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் கர்ப்பப்பை அறுவை முடிந்த இரவு, விடிய விடிய வாந்தி எடுத்தேன். பேருந்துப் பயணமும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மணிக்கட்டருகே அக்குபஞ்சர் செய்துகொண்டால் வாந்தி வராது என்கிறார் என் நாத்தனார். அப்படியானால் வாந்திக்கான மருந்தே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

- வாசகி ஒருவர்

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் மருந்து வேண்டாம் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காமல் இருப்பது, முன்பு இப்படி வாந்தி எடுத்திருப்பது அல்லது பயணத்தில் குமட்டுவது, அறுவைக்குப் பின் மார்ஃபின் வகை வலி மருந்து பெறுவது ஆகிய நான்கும் சேர்ந்தால், பத்தில் எட்டுப் பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. இவற்றில் மூன்றேனும் உங்களுக்குப் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

நாத்தனார் சொல்லும் புள்ளிக்குச் சீன மருத்துவத்தில் 'நெய்குவான்' என்று பெயர். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக உங்கள் மூன்று விரல்களின் அகலம் அளந்தால், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அது இருக்கும். பெல்ஃபாஸ்ட் நகர மயக்கவியல் மருத்துவர் ஜான் டண்டீ, சிறிய மகளிர் அறுவைகளுக்கு வந்த பெண்களிடம் இதைச் சோதித்து 1986இல் வெளியிட்ட முடிவுகளே மேற்கத்திய மருத்துவர்கள் பலரை இதன் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தன. பிறகு 59 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 7,667 பேரையும் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பெயரளவுக்குச் செய்யும் போலித் தூண்டலுடன் ஒப்பிடுகையில் இப்புள்ளியைத் தூண்டுவது வாந்தியைச் சுமார் 40 விழுக்காடும் குமட்டலைச் சுமார் 32 விழுக்காடும் குறைத்ததாகக் கண்டது. அந்தச் சான்றின் தரம் குறைவு என்பதையும் அம்மதிப்பாய்வே ஒளிக்காமல் சொல்கிறது. வாந்தித் தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, மருந்தை மட்டும் கொடுத்ததைவிட வாந்தி குறைந்தது, குமட்டல் குறையவில்லை.

உங்களைப் போல ஆபத்து மிகுந்தவர்களுக்கு ஒன்டான்செட்ரான், டெக்ஸாமெதசோன் போன்ற மருந்துகளை ஒன்றுக்கு மேற்பட்டுச் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். அக்குபஞ்சர் அவற்றுக்குத் துணையாக வரட்டும், மாற்றாக வேண்டாம். ஊசி என்றால், பயிற்சி பெற்றவர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால் செய்ய வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால், ஊசியைவிட அப்புள்ளியை அழுத்தும் குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டையே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. விரல்கள் மரத்துப்போனால் அதையும் உடனே தளர்த்திவிடுங்கள்.

அறுவைக்கு முந்தைய பரிசோதனையின்போது, சென்ற முறை விடிய விடிய வாந்தி எடுத்ததையும் பேருந்துக் குமட்டலையும் மயக்க மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். பட்டை அணிய விரும்பினால் அதையும் அப்போதே சொல்லிவிட்டால், குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை அவர் மற்றக் கையில் போட்டுக்கொள்வார்.