வாசகர் கேள்வி – பதில்: தணலும் பாலும்

கேள்வி: எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் என் கணவர் ஆண்டுதோறும் தீ மிதிப்பார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இந்த ஆண்டு, ‘கரித்தணல் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், அதனால்தான் கால் சுடுவதில்லை, அம்மனுக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று சொல்லப்போக, தந்தைக்கும் மகனுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. உண்மையான தெய்வ நம்பிக்கை எது, மாயை எது என்று எப்படித்தான் பிரித்தறிவது? – ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

பதில்: தங்கள் மகன் சொன்னதில் முற்பாதி சரியானது. அடுப்பருகே கிடந்த தோசைத்திருப்பியின் இரும்பு முனை கையைச் சுடுகிறது. அதன் மரப்பிடி சுடுவதில்லை. கரித்தணலும் அந்த மரப்பிடியைப் போன்றதே. இலேசான, நுண்துளைகள் நிறைந்த கரி குறைந்த அளவு வெப்பத்தையே தேக்கி வைத்திருக்கிறது. அதையும் மெதுவாகத்தான் பாதத்துக்குக் கொடுக்கிறது. மேலே படிந்த சாம்பலும் தடுக்கிறது. ஒவ்வோர் அடியும் தணலில் நிற்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. 1935-இல் லண்டனை அடுத்த கார்ஷால்டனில் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர், காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ் என்பவரின் கால்களை மருத்துவர்களைக் கொண்டு பரிசோதித்து, ஏறத்தாழ 430 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருந்த தணல் பரப்பில் அவரை நடக்கச் செய்தார், பாதங்களில் காயமில்லை. பின்னர் நடந்த சோதனைகளில் காப்பும் விரதமும் அறியாத ஆங்கிலேயரும் தணலில் நடந்திருக்கிறார்கள்.

பிற்பாதியில்தான் மகன் அவசரப்படுகிறார். தங்கள் கணவர் காப்புக் கட்டி, விரதமிருந்து, பாரதம் படிப்பதைக் கேட்டு, படுகளத்தில் திரௌபதி கூந்தல் முடிவதைக் கண்ட பிறகு அந்தக் குழியில் இறங்குவது, கரியின் வெப்பக் கடத்துதிறனைச் சோதிப்பதற்காக அன்று. நேர்ந்துகொண்டதை நிறைவேற்றவே அவர் இறங்குகிறார். கால் சுடாததற்குக் காரணம் தெரிந்துவிட்டதால் அந்த நேர்த்தி பொய்யாகிவிடாது. தெரிந்த பிறகும் அவர் அடுத்த ஆண்டு அதே பக்தியோடு இறங்க முடியுமானால், அந்த நம்பிக்கை அற்புதத்தின்மேல் கட்டப்பட்டதன்று என்பதே என் துணிபு.

மாயை புகும் இடம் வேறு. கால் சுடாவிட்டால் ‘அம்மன் அருள்’ என்றும், சுட்டுவிட்டால் ‘அவன் விரதத்தில் ஏதோ குறை’ என்றும் சொல்லும் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். எது நடந்தாலும் தோற்காதபடி அமைத்துக்கொண்ட கூற்று அது; கொப்புளத்தோடு படுத்திருப்பவர்மீது பழியையும் சேர்த்துச் சுமத்துகிறது. (கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழியில் இறங்குவதை எந்த நம்பிக்கையின் பெயராலும் என்னால் ஏற்க இயலாது.)

தமிழில் வியப்பு, மலைப்பு என்று இரு சொற்கள் இருக்கின்றன. மலைத்தவர் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார். வியந்தவரோ ‘இது எப்படி?’ என்று கேட்டுக்கொண்டு அருகே போகிறார். தங்கள் மகன் அருகே போயிருக்கிறார். அப்படி அருகே வருபவரைத் தடுக்காத நம்பிக்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு, பிரான்சு நாட்டின் லூர்து திருத்தலம். அங்கே 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்கிவருகிறது. தாம் குணமடைந்ததாக அங்கு வந்து பதிந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்; திருச்சபை அற்புதம் என ஏற்றுக்கொண்டவையோ எழுபதை ஒட்டிய எண்ணிக்கையே. அந்த எழுபதையும் நாம் ஏற்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் பக்தியுள்ளவர்களே மருத்துவரை அழைத்து, ‘பாருங்கள்’ என்று சொல்லும் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. விபூதி வரவழைக்கும் கையைச் சற்றுத் திருப்பிக் காட்டுங்கள் என்றால் சினம் கொள்ளும் ‘சாமி’களிடம் அந்தத் துணிவைக் காண முடிவதில்லை.

கேள்வி: 1995-இல் பிள்ளையார் பால் குடித்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். கரண்டியில் பால் குறைந்ததும் உண்மை. அப்படியானால் நான் ஏமாளியா? – ஒரு வாசகர், சென்னை.

பதில்: இல்லை. தாங்கள் பார்த்தது நடந்தது. அதற்குத் தந்த பொருள்தான் பிழை. அந்த ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், டெல்லியில் விடியுமுன் கிளம்பிய செய்தி அன்றைக்கே கடல் கடந்தும் பரவியது. கரண்டியின் விளிம்பு தும்பிக்கையைத் தொட்டதும், பாலின் பரப்பு இழுவிசை அதைச் சிலையின்மீது இழுக்கிறது; அங்கிருந்து அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக வழிந்துவிடுகிறது. டெல்லிக் கோயில் ஒன்றுக்குச் சென்ற அரசு விஞ்ஞானிகள் பாலில் வண்ணம் கலந்து கொடுத்தபோது, அது சிலையின்மேல் படர்வது எல்லோர் கண்ணிலும் பட்டது. இத்தனை எளிய செயல் நாள்தோறும் நம் அபிஷேகங்களில் நடந்துகொண்டிருந்தும், ஒருவரும் அதைக் கவனித்துப் பார்க்கவில்லை என்பதே எனக்கு அந்தப் பாலைவிடப் பெரிய வியப்பு. தங்கள் பூஜை அறையில் பளிங்குப் பிள்ளையார் இருந்தால், பாலில் ஒரு சிட்டிகை மஞ்சளைக் கலந்து, கரண்டியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள்; வீட்டில் பேரக்குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.