ஆற்றங்கரை ஊரில் மூன்று நாள்: ஆற்றில் இறங்கலாமா?

கேள்வி: 70 வயதுத் தாயாருடனும் 8 வயது மகளுடனும், மலைக்காடும் ஏரிகளும் சூழ்ந்த அமைதியான ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் மூன்று நாள் தங்க இருக்கிறோம். பொழுதை எப்படிப் பிரித்துக்கொள்வது? மகள் ஆற்றில் விளையாட ஆசைப்படுகிறாள், அனுமதிக்கலாமா?

பதில்: வந்து சேரும் நாளைத் தாயாரின் ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். மற்ற இரு நாள்களிலும் காட்டையும் ஏரியையும் காலையிலும், ஊரையும் ஆற்றங்கரை நடையையும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏற மலைச்சரிவில் சூடான காற்று மேலெழும்பி, பிற்பகலில் மேகமாகத் திரண்டு இடிமழையாக இறங்குவது மலைப்பகுதிகளில் அடிக்கடி நடப்பதால், நண்பகலுக்குள் கீழே திரும்பத் தொடங்குவது நல்லது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தாயாருக்கு ஒரு கம்பளிச் சால்வை கையிலேயே இருக்கட்டும்.

ஆற்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஊருக்கு மேலே வானம் தெளிந்திருந்தாலும், பல கிலோமீட்டர் தொலைவில் மலையில் பெய்த மழையோ, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரோ சிறிது நேரத்தில் உங்கள் காலடிக்கு வந்து சேரலாம். ஆகவே, மேலே அணை இருக்கிறதா, தண்ணீர் திறக்கும் நேரம் எது என்பதைத் தங்கும் விடுதியில் முதலில் கேளுங்கள். கரையில் அமர்ந்ததும், நீர் தொடும் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அவ்வப்போது அதைப் பாருங்கள். கல் நனைந்தாலோ, தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, பொருள்களைத் திரட்டிக்கொண்டிராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

தெளிந்த நீர் ஆழத்தையும் மறைக்கும். ஒளி விலகுவதால், நேர் மேலிருந்து பார்க்கும்போது நான்கடி ஆழம் மூன்றடியாகவே தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். மகளை விட்டுப் பார்க்காமல், நீங்கள் முதலில் இறங்கி, ஒரு கழியால் அடிநிலத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓட்டம் மெதுவாகவும் தரை கெட்டியாகவும் இருக்கும் இடத்தில், அவள் முழங்காலுக்குக் கீழான நீரில், உங்கள் கைக்கெட்டும் தொலைவில் அவள் விளையாடலாம். வழுக்குப் பாறைகளும் சுழலும் உள்ள இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மலை ஏரியில் நீந்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல்நீர் இதமாக இருக்கும்போதே சற்றுக் கீழே நீர் மிகக் குளிர்ந்திருக்கலாம். திடீரென அதில் விழுபவர் தம்மை அறியாமல் மூச்சை இழுத்து நீரை விழுங்கிவிடலாம், நீச்சல் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்ல. படகில் போவதானால், மகளின் உயிர்காப்பு உடுப்பைத் தோள்பட்டைப் பகுதியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது முகவாயைத் தாண்டி மேலேறினால் அளவு பெரிது. வேறொன்றைக் கேட்டு வாங்கிய பிறகே படகில் ஏறுங்கள்.