உள்ளூர் வனவிலங்குப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? எங்கே கற்கலாம்?

உண்டு. ஆதாரத்துக்கு மொரீஷியஸைப் பாருங்கள். 1974இல் அந்தத் தீவுக்கே உரிய வல்லூறு இனத்தில் காட்டில் தெரிந்தவை நான்கே நான்கு. பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஜெரால்ட் டரல், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஜெர்சி தீவில் தொடங்கிய விலங்குக் காப்பகம், வெளிநாட்டு வல்லுநர்களை மட்டும் நம்பாமல் அந்தந்த நாட்டுக்காரர்களை அழைத்துப் பயிற்றுவித்தது. 1977இல் வந்த முதல் மாணவர் மொரீஷியஸின் யூசூஃப் முங்ரூ. பின்னாளில் அவரே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்கு இயக்குநரானார். வெளியிலிருந்து வரும் நிபுணர் திட்டம் முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார். உள்ளூர்க்காரர் அங்கேயே இருப்பார். எனக்கு இதுதான் முதன்மையான காரணம்.

மொரீஷியஸில் அந்த வல்லூறை மீட்ட வேலை முழுக்கக் கைத்திறன். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மறுபடியும் இடும். எடுத்தவற்றைக் கருவியில் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்து, கூடாகப் பயன்படும் பெட்டிகள் வைத்துக் காட்டில் விட வேண்டும். முட்டையின் எடை நாள்தோறும் எவ்வளவு குறைகிறது என்று குறித்துவைக்காவிட்டால் எல்லாம் வீண். இவற்றைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது, அனுபவமுள்ளவர் அருகில் நின்றுதான் பழக வேண்டும்.

இந்தியாவில் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் வனத்துறை அதிகாரிகளுக்குப் பட்டயப் படிப்பும், வனச்சரகர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்துகிறது. துறை வழியாகவே அனுப்புவார்கள் என்பதால் உங்கள் மேலதிகாரியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் இப்படி நீண்ட, முறையான பயிற்சி வேண்டும். காட்டை நாள்தோறும் நடந்து பார்ப்பவர்கள் அவர்கள்தானே!