டைரியில் இருப்பது யார் கையெழுத்து?

கேள்வி: பத்தமடைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்த மகளைப் பாளையங்கோட்டையில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆறாவது சேர்த்திருக்கிறோம். அரசு உதவி பெறும் பள்ளி. நாங்கள் இந்துக்கள். பைபிள் சொல்லிக் கொடுத்துப் பிள்ளை மனசை மாத்திருவாங்கன்னு என் அம்மா தினமும் புலம்புகிறாள். அங்கே என்னதான் படிக்கிறார்கள்? மகள் கெட்டிக்காரி. ஸ்கூல் டைரியில் என் கையெழுத்தைக்கூட அவளே போட்டுக்கிடுவா, எனக்குக் கடையை விட்டு நகர முடியாது. கணக்கில்தான் கொஞ்சம் மட்டு.

பதில்: அண்ணாச்சி, ஆச்சியின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உதவி பெறும் பள்ளியில் அரசுப் பள்ளியின் அதே சமச்சீர்ப் புத்தகம்தான். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடம் ஐந்து, பருவம் மூன்று. மூன்றாம் பருவத் தமிழில் சைவப் புலவர் தாயுமானவரின் பராபரக்கண்ணி என்ற பக்திப் பாடல் இருக்கிறது. கத்தோலிக்கப் பள்ளியிலும் அதைப் படித்துத்தான் பரீட்சை எழுத வேண்டும். பாடத்துக்கு 100 மதிப்பெண்ணில் 60 பருவத் தேர்வுக்கு. மீதி 40 பருவம் முழுக்கச் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும்.

இதற்கு மேல் பள்ளி வைப்பது மறைக்கல்வி, அதாவது அவர்கள் மதப் பாடம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விவிலியம், பத்துக் கட்டளைகள், ஞானஸ்நானம், திருமணம் போன்ற 7 அருள்சாதனங்கள் (திருச்சபைச் சடங்குகள்), செபங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் நன்னெறி வகுப்பு நடத்துவது பரவலான வழக்கம். இவற்றின் மதிப்பெண் அந்த ஐந்து பாடத்தோடு சேராது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ யாரையும் சம்மதமில்லாமல் உட்கார வைக்கக் கூடாது. பிள்ளை மைனர் என்றால் சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர். அதாவது நீங்கள். உங்கள் கையெழுத்து. அதைத்தான் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, பெருமையாக எனக்கும் எழுதியிருக்கிறீர்கள்.

பள்ளி என்ன சொல்லித்தருகிறது என்று கேட்கிறீர்களே, உங்கள் வீடு என்ன சொல்லித்தந்திருக்கிறது என்று பாருங்கள். அப்பா பேரில் எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று 11 வயதுப் பிள்ளை தெரிந்துகொண்டுவிட்டது. இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது? இன்று வீட்டுப்பாடத்துக்குப் போடுகிற கையெழுத்தை நாளைக்கு லீவு லெட்டரில் போட எவ்வளவு நேரமாகும்? பஸ்ஸில் போய் வருகிற பிள்ளை. வீட்டில் இருக்கிறாள் என்று டீச்சர் நினைப்பார், பள்ளியில் இருக்கிறாள் என்று நீங்கள் நினைப்பீர்கள். பீஸ் கட்டுவதும் பஸ் பாஸ் எடுத்துக் கொடுப்பதும் தகப்பன் கடமையில் பாதிகூடக் கிடையாது.

அவளை அடிக்காதீர்கள். பழக்கியது நீங்கள். இன்று ராத்திரி கடை அடைத்ததும் டைரியை முதல் பக்கத்திலிருந்து அவளோடு உட்கார்ந்து புரட்டுங்கள். சிவப்பு மையில் டீச்சர் எழுதிய குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கணக்கில் மட்டு என்கிறீர்களே, அதன் காரணமும் அங்கேயே எழுதியிருக்கும், நீங்கள் பார்க்காததுதான் குறை. பிறகு வியாபாரம் ஓய்ந்த ஒரு மதியம் வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். "இதில் உள்ளது என் கையெழுத்தில்லை, இனி இதுதான்" என்று அவர் எதிரிலேயே ஒன்று போட்டுக் காட்டுங்கள். பிள்ளையும் கூட நிற்கட்டும்.

மறைக்கல்வி வகுப்பு வேண்டாம் என்றால் அன்றைக்கே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பெயர், வகுப்பு, பிரிவு, சேர்க்கை எண், "என் மகள் நன்னெறி வகுப்பில் இருக்கட்டும், மறைக்கல்விக்கு என் சம்மதம் இல்லை" என்று ஒரே வரி, தேதி, கையெழுத்து. நகலில் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் ஆசிரியர் மாறும்போது அதுவும் போய்விடும். காலைச் செபத்தில் சும்மா நிற்கலாமா என்று ஆச்சிக்குச் சந்தேகம் வந்தால் அதையும் அங்கேயே நேரில் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு வருகிறேன். ஐந்தாவது வரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர் இருந்திருப்பார், இங்கே பாடத்துக்கு ஒருவர். பிள்ளை எங்கே தடுக்கியது என்று கவனிக்கும் கண் குறைந்துவிடும். ஆறாவதில் ரொம்பப் பேர் விழுகிற இடம் இரண்டாம் பருவத்து மீ.சி.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு. அது பிடிபடாமல் மூன்றாம் பருவத்துப் பின்னத்துக்குப் போனால் 1/2 + 1/4 என்பதற்கு மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ள எண்களைத் தனியாகவும் கூட்டி 2/6 என்று எழுதிவைக்கும். இதைத் திருத்த டியூஷன் எதற்கு? உங்கள் தராசில் அரைக் கிலோ சீனி போடுங்கள், மேலே கால் கிலோ போடுங்கள். 2/6 என்றால் கிலோவில் மூன்றில் ஒரு பங்கு. முதலில் போட்ட அரைக் கிலோவைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி என்று அவளையே கேளுங்கள். பிறகு 2-க்கும் 4-க்கும் மீ.சி.ம. 4 என்று எடுத்து, அரையை 2/4 ஆக்கிக் கூட்டச் சொல்லுங்கள். 3/4, முக்கால் கிலோ. இரண்டாம் பருவத்தில் பட்டியல், இலாபம், நட்டம் என்றும் ஒரு பாடம் வருகிறது. கொள்முதல் பில்லையும் விற்ற விலையையும் கொடுத்து அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். அது முடிந்ததும் டைரியை வாங்கி, படித்துவிட்டு, நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.