வாசகர் கேள்வி: வண்ணம் தீட்டாத காகிதம் ஓவியமாகுமா?

கேள்வி: ஓவியக் கண்காட்சி ஒன்றில் கையால் செய்த வெள்ளைக் காகிதங்களைச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். வண்ணமும் இல்லை, கோடும் இல்லை. ஆங்காங்கே பள்ளமும் கீறலும் மட்டுமே தெரிந்தன. சோதனை முயற்சி என்று அருகில் குறிப்பு இருந்தது. காகிதம் செய்வது கைத்தொழில் அல்லவா? இதை எப்படி ஓவியம் என்று ஏற்பது?

பதில்: தங்கள் ஐயம் நியாயமானதுதான். பூவிதழையும் இலையையும் காகிதக் கூழில் (நீரில் அரைத்த நாரில்) கலந்து உலர்த்திவிட்டு அதையும் சோதனை என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது அழகான காகிதம், அவ்வளவே. ஆனால் தாங்கள் வர்ணிக்கும் படைப்புகள் சிற்பியும் அச்சோவியருமான சோமநாத் ஹோரை நினைவூட்டுகின்றன. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை நேரில் கண்டு வரைந்த அவர், 1970களில் 'காயங்கள்' என்ற வரிசையை உருவாக்கினார். களிமண் தகட்டைக் கத்தியால் கீறியும் குத்தியும் புண்படுத்தி, அதன்மேல் சிமெண்ட் அச்சு எடுத்து, அந்த அச்சில் காகிதக் கூழைப் பரப்பி அழுத்தி உலர்த்தினால், கீறலும் குழியும் தாளின் உடம்பிலேயே பதிந்து வெளிவரும். பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் அதன் நிழலும்தான் அங்கே கோடுகள். கடையில் வாங்கிய தாளின்மேல் அதே காயத்தை மையால் வரைந்திருந்தால் அது காயத்தின் படமாக நின்றிருக்கும். ஹோரின் தாளோ தானே காயம்பட்டுக் கிடக்கிறது. வாங்கிய தாளில் இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதே என் அளவுகோல்.

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க் 1973இல் பிரான்சின் பழைய காகித ஆலை ஒன்றிலும், 1975இல் அகமதாபாத் காந்தி ஆசிரமக் காகிதப் பட்டறையிலும் தங்கி வேலை செய்தார். அகமதாபாத்தில் காகிதக் கூழோடு புளியங்கொட்டைத் தூள், வெந்தயப் பொடி, சுண்ணப் பொடி, பிசின் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்த சேறு போன்ற கலவையை மூங்கிலோடும் துணியோடும் இணைத்து அவர் செய்தவற்றை ஓவியம் என்பதா, சிற்பம் என்பதா என்று எனக்கே குழப்பம் உண்டு. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னியின் வழி வேறு. 1978இல் நீச்சல் குளக் காட்சிகளுக்காக அவர், உலோகப் பட்டைகளை வளைத்துச் செய்த வரம்புகளுக்குள் வண்ணக் கூழை ஈரத்தாளின்மேல் ஊற்றி, பிறகு அனைத்தையும் ஒன்றாக அழுத்தினார். நீரைக் காட்டும் படம் நீரில் மிதந்த நாரினாலேயே உருவாயிற்று.

கேள்வி: பழைய செய்தித்தாளை அரைத்து நானும் முயன்றேன். உலர்ந்ததும் தாள் நெளிகிறது, மை ஊறிப் பரவுகிறது. என்ன பிழை?

பதில்: தொட்டித் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு அளவே மிதக்கும் நார்கள், சல்லடையில் படிந்து நீர் வடியும்போது பசை ஏதுமின்றித் தாமாகவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. செய்தித்தாளின் நார் குட்டையானது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் தங்கியிருப்பதால் நாளடைவில் மஞ்சளாகவும் மாறும். பருத்தித் துணிக் கழிவு கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். ஈரத்தாளைத் துணிகளுக்கிடையே வைத்து நன்கு அழுத்தி, பாரம் ஏற்றிய நிலையில் உலரவிட்டால் நெளிவு குறையும். உலர்ந்த தாளை ஜெலட்டின் கரைசலிலோ நீர்த்த கஞ்சியிலோ தோய்த்தெடுத்து மீண்டும் உலர்த்தினால் மை பரவாது.

நெளிவைப் பிழை என்று உடனே ஒதுக்கவும் வேண்டாம். நாரை எவ்வளவு நேரம் இடித்து நசுக்குகிறோமோ, அவ்வளவுக்குத் தாள் உலரும்போது சுருங்கும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் தன்மையும் மொறமொறப்பும் கூடும். நீண்ட நேரம் இடித்த ஆளிச்செடி நாரின் கூழைக் கம்பிச் சட்டத்தின்மேல் போர்த்தி, அது சுருங்கும் வேகத்தில் கம்பியே வளையும்படி விட்டு உருவம் சமைக்கும் கலைஞர்கள் உண்டு. தங்கள் அடுத்த தொகுதிக் கூழில் பாதியைச் சற்றே அரைத்தும், மீதியை நெடுநேரம் அரைத்தும் இரண்டு தாள்கள் எடுத்து, பாரம் வைக்காமல் உலர்த்திப் பாருங்கள்.