1927 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளினில் நடந்த இரண்டு இடைத்தேர்தல்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

காரணம் அப்போதைய ஆட்சித் தலைவர் காஸ்கிரேவின் அரசு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்ததுதான். ஜூலை 10 அன்று, தேவாலயத்துக்கு நடந்துபோன நீதி அமைச்சர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தே நாளில், எதிரணியின் கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச் மருத்துவமனையில் இறந்தார். இப்படி டப்ளின் கவுண்டியிலும் தெற்கு டப்ளினிலும் இரு இடங்கள் காலியாயின.

கொலைக்குப் பிறகு அரசு கடுமையான சட்டங்களைக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்று, பிரிட்டிஷ் மன்னருக்கான விசுவாச உறுதிமொழியை ஏற்று நாடாளுமன்ற அவையில் அமர்வதாக வாக்களிக்காதவர் வேட்பாளராகவே முடியாது என்றது. அதுவரை அவையைப் புறக்கணித்துவந்த, மார்க்கிவிச்சின் கட்சித் தலைவர் டி வலேரா, 'வெற்றுச் சடங்கு' என்று சொல்லிக்கொண்டே ஆகஸ்ட் 12இல் தம் கட்சியினரோடு உள்ளே வந்தார். அரசின் பெரும்பான்மை ஆட்டம் கண்டது. ஆகஸ்ட் 16இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 71–71 என்று சம வாக்குகள்! ஜான் ஜிங்க்ஸ் என்ற எதிரணி உறுப்பினர் வராமல் போனதாலும், அவைத்தலைவரின் வாக்காலும்தான் அரசு பிழைத்தது.

ஆகஸ்ட் 24இல் நடந்த வாக்குப்பதிவில் இரு இடங்களும் ஆளும் கட்சிக்கே கிடைத்தன. ஓ'ஹிக்கின்ஸின் இடத்தை அது தக்கவைத்ததில் வியப்பில்லை. மார்க்கிவிச்சின் இடத்தையும் பறித்ததே உண்மையான அதிர்ச்சி. காற்று தம் பக்கம் என்று கணித்த காஸ்கிரேவ், மறுநாளே அவையைக் கலைத்தார். செப்டம்பர் பொதுத் தேர்தலில் அவர் கட்சி 47லிருந்து 62 இடங்களுக்கு உயர்ந்தது. ஆனால் டி வலேராவின் கட்சியும் 44லிருந்து 57க்கு ஏறிவிட்டது.