பேராசிரியரான விளையாட்டு வாத்தியார்

அன்புள்ள ஐயா,

என் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அவளுடைய பல்கலைக்கழகத்தில் தலைவரைவிடக் கால்பந்துப் பயிற்சியாளருக்குச் சம்பளம் பல மடங்காம். விளையாட்டு வாத்தியாருக்கு இத்தனை அதிகாரம் எப்படி வந்தது? எல்லாம் தொலைக்காட்சிப் பணம் செய்த வேலைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளம் இப்படி வீங்கியதற்குத் தொலைக்காட்சி முக்கியக் காரணம், சரி. அதிகாரம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1892இல், ஒரு பக்திமானுக்கு.

ஏமோஸ் அலோன்ஸோ ஸ்டாக் பாதிரியாராக வேண்டுமென்று யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பிரசங்கம் தனக்கு வராது என்று விட்டுவிட்டார். அங்கே அவருக்கு வேதாகமம் கற்பித்த வில்லியம் ஹார்ப்பர் புதிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானதும் இவரை அழைத்துக்கொண்டார். ஆண்டுக்கு 2,500 டாலர். அதைவிடப் பெரியது, பணி நிரந்தரத்தோடு கிடைத்த பேராசிரியர் பதவியும் உடற்கல்வித் துறையின் தலைமையும். மற்ற இடங்களில் பயிற்சியாளர் என்றால் பெரும்பாலும் ஒரு பருவம் வந்துபோகிற ஆள். இவர் 41 பருவங்கள் இருந்தார். பயிற்சியும் இவரே, நிர்வாகமும் இவரே. ஆரம்பத்தில் ஆள் போதாமல் தானே களமிறங்கி ஆடியும் இருக்கிறார்! (நாம் உதைக்கிற பந்தல்ல, அந்த முட்டைவடிவப் பந்து.)

1905இல் 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகன் பல்கலைக்கழக அணியை சிகாகோ 2-0 என்று சாய்த்தது. அப்புறம் ஸ்டாக்கை யார் கேள்வி கேட்பார்கள்?

கேட்டவர் ராபர்ட் ஹட்சின்ஸ். 1929இல், முப்பது வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானவர். கால்பந்து அவருக்கு ஆகாது. எழுபது வயதில் ஓய்வு என்ற விதியைக் காட்டி 1932இல் ஸ்டாக்கை அனுப்பினார். 1939இல் அணியையே கலைத்தார்கள். ஸ்டாக் பெயரிலிருந்த அந்த மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்தான் 1942இல் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு கட்டுப்பாட்டுக்குள் நடந்த முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்திக் காட்டியது.

கிழவர் சும்மா உட்காரவில்லை. கலிஃபோர்னியாவில் பசிஃபிக் கல்லூரிக்குப் போய் இன்னும் 14 பருவங்கள். 1943இல், 81 வயதில், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர். 1965இல் இறந்தபோது வயது 102.

ஹட்சின்ஸ் செய்ததைச் செய்யப் பெரிய பல்கலைக்கழகங்களில் அநேகமாக யாரும் துணியவில்லை. அந்த அதிகாரம் இன்று எப்படி இருக்கிறது என்று அறிய உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள்: அங்கே விளையாட்டுத்துறை இயக்குநர் யாருக்குப் பதில் சொல்கிறார்? பெரும்பாலும் நேரே தலைவருக்குத்தான் இருக்கும்.